வேகமாக்கிக் கொடுப்பவன்

திலகா மேடம், உங்கள் ஆபீஸ் கணினி கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஒரு வரி தட்டிவிட்டு, தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தால்தான் எழுத்துகள் திரையில் வந்து சேருகின்றன. உங்கள் கிளார்க் வாணி இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறாரோ தெரியவில்லை. இன்று அவர் லீவு என்பதால் அவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "நடந்தத நீங்களே டைப் பண்ணிருங்க. ஒண்ணையும் விடாதீங்க. நான் கோர்ட்டுக்குப் போயிட்டு மூணு மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

என் பெயர் குகன். வயது முப்பத்தெட்டு. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் ஷெர்லீன் என்ற நர்ஸுக்காக வாதாடுகிறீர்கள். வியாழக்கிழமை விசாரணை. முனுசாமி என்ற நோயாளி இறந்தது அவளுடைய கவனக்குறைவால்தான் என்று முடிவானால் அவளுடைய லைசென்ஸ் போய்விடும், போலீஸ் கேஸ்கூட வரலாம் என்று சொன்னீர்கள். அவள் கவனமாகத்தான் இருந்தாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் கணினி விஷயம் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடைக்கு வருகிறவர்கள் நூறு பேர் என்றால் தொண்ணூறு பேருக்கு ஒரே புகார். "ரொம்ப ஸ்லோ லா." இதில் பாதிக் கேஸ்களில் குற்றவாளி ஆன்டிவைரஸ்தான். கேட் போட்ட தாமான் குடியிருப்புக்குள் போகிற ஒவ்வொரு காரையும் காவலுக்கு நிற்கும் ஜாகா நிறுத்தி அடையாள அட்டை நம்பர் எழுதுவாரே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது முதலில் பார்க்க வேண்டும். போதாததற்கு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மொத்தக் கணினியையும் மூலை முடுக்கு விடாமல் சோதிக்கும். புதுக் கணினியில் இது தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் உயிரை எடுத்துவிடும்.

இதற்கு முறையான வைத்தியம் உண்டு. சோதனை நேரத்தை யாரும் வேலை செய்யாத வேளைக்கு மாற்றலாம். அடிக்கடி திறக்கும் கோப்புகளை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவைக்கலாம். டிஸ்கை மாற்றலாம். எல்லாம் எனக்குத் தெரியும், சர்டிஃபிகேட் கடைச் சுவரில் தொங்குகிறது. ஆனால் முறையாகச் செய்தால் கணினி சுமாரான வேகத்தில்தான் ஓடும். சுமாரான வேகத்தைப் பார்த்து யாரும் முகம் மலர்வதில்லை. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டால் பறக்கும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும், மேடம். என் சொந்தக் கணினியில் பத்து வருடமாக அது கிடையாது. ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து நான்கு மணி நேரம் படுத்து ரத்தம் கழுவிக்கொண்டு போகும் இடம். மேனேஜர் காந்தன் போன ஜூலையில் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது காலை ஆறு மணி. பதினோரு பேர் எடை பார்த்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து என்பதெல்லாம் அந்தத் திரையில்தான் வர வேண்டும். ஆன்டிவைரஸ் சரியாக ஆறு மணிக்குச் சோதனையை ஆரம்பித்திருந்தது. இதைவிட மோசமான நேரம் அதற்குக் கிடைத்திருக்காது.

முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர்தான் முனுசாமி அங்கிள். சுங்கை ஊடாங் பக்கம் முப்பது வருடம் டேங்கர் லோரி ஓட்டியவர். பூப்போட்ட தலையணை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, ஃபுல் லோடு வச்சிக்கிட்டு மேட்டுல ஏறுறப்பகூட என் லோரி இதவிட வேகமா போகும் லா."

நான் ஐந்து நிமிடம் கேட்டேன். நான்கு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். மூலையில் இருக்கும் எச்சரிக்கைக் குறியையும் மறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பச்சை 'டிக்' படத்தை ஒட்டிவைத்தேன். காந்தன் கொஞ்சம் பயந்த சுபாவம், பச்சையைப் பார்த்தால் நிம்மதியாக இருப்பார். வட்டம் நின்றது. பெயரைத் தொட்டால் பக்கம் திறந்தது. முனுசாமி அங்கிள் உள்ளே போகும்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டி, "இப்ப பறக்குது லா" என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அதற்குப் பிறகு அங்கே நான் செல்லப்பிள்ளை. போனால் தேநீர் வரும், தீபாவளிக்கு முறுக்கு டப்பா வந்தது. தீபாவளி முடிந்த வாரம் கணினி மறுபடி கொஞ்சம் தயங்குகிறது என்றார்கள். பார்த்தால், தினமும் காலையில் எல்லாக் கோப்புகளையும் நகல் எடுக்கும் வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கடைசியாக ஒரு நகலை என் டிஸ்கில் எடுத்து அங்கேயே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, அந்த வேலையையும் நிறுத்தினேன். மறுபடி பறந்தது. யாரும் என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரியில் முனுசாமி அங்கிளுக்கு வயிற்றில் புண் வெடித்து ரத்தம் கொட்டி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபோது டாக்டர் கணினியில் அவருடைய பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி சேர்த்தார். ரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸ்போது ஹெப்பாரின் என்று ஒரு மருந்து போடுவார்கள். புண் உள்ளவருக்கு அது ஆகாது. 'ஹெப்பாரின் கூடவே கூடாது' என்பதுதான் அந்தச் சிவப்பு வரி. இது எனக்குத் தெரியும். அவரே என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். "பாத்தியா தம்பி, எனக்கு மட்டும் ரெட் லைட்டு போட்டுட்டாங்க."

இனி மாசி மகம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு மலாக்காவில் பாதித் தமிழர்கள் செங் ஊரில், சன்னாசிமலைக் கோயில் திருவிழாவில்தான் இருப்பார்கள். டயாலிசிஸ்காரர்களுக்கும் சன்னாசிமலைக்குப் போக ஆசை இருக்காதா? அதனால் அந்த நிலையத்தில் வருடா வருடம் ஒரு வழக்கம். மாசி மகத்தன்று காலை, மதியம் இரண்டு வேளை ஆட்களையும் ஒன்றாகச் சேர்த்து ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். மதிய வேளை நர்ஸுகளும் விடியலிலேயே வந்துவிடுவார்கள். பத்தரைக்கெல்லாம் முடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடலாம்.

முந்தின நாள் மதியம் நான் போயிருந்தேன். படுக்கையில் இருந்தவர்கள் உருமி மேளப் பாட்டு வேண்டும் என்றார்கள். என் பென்டிரைவில் நானூறு பாட்டு இருக்கிறது, கடைக்கு வருகிற கணினிகளில் நல்லதாகக் கண்டதையெல்லாம் சேர்த்துவைத்தது. அதை நிலையத்துக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். கணினி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு காந்தன் போன் செய்தார். பக்கங்கள் திறக்கவில்லை என்றார். போய்ப் பார்த்தால், நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கிடந்தன. பணம் கொடுத்தால் திறப்போம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். இது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் காலத்தில் எங்கிருந்தும் வரலாம். பாட்டுகளைச் சந்தேகப்பட வேண்டாம். பென்டிரைவை அன்று மாலையே என் சொந்தக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டேன், அது ஒன்றுமே சொல்லவில்லை.

காந்தன் அந்தக் கடிதத்தைப் படிப்பதற்குள் திரையை அணைத்துவிட்டேன். "கரண்டு ஏறி இறங்கியிருக்கு அண்ணே. நாற்பது நிமிஷம் குடுங்க" என்றேன். எல்லாவற்றையும் துடைத்தேன். இழுப்பறையில் இருந்த தீபாவளி நகலை எடுத்து ஏற்றினேன். ஐந்தரைக்குப் பக்கங்கள் திறந்தன. இருபத்திரண்டு பேர் எடை பார்த்துவிட்டுக் காத்திருந்தார்கள், எல்லோரும் திருநீறு பூசி மஞ்சள் உடையில் இருந்தார்கள். காந்தன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தப் பையன் மட்டும் இல்லன்னா இன்னிக்கு யாரும் செங்குக்குப் போக முடியாது லா. சாமி அனுப்பிவிட்ட ஆளு."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பெயர் முனுசாமி. பக்கம் திறந்திருந்தது. சிவப்பு வரி இல்லை. தீபாவளியில் அவருக்குப் புண் இல்லையே, அப்புறம் வரி எப்படி இருக்கும்? ஹெப்பாரின் அளவு கறுப்பில் சாதாரணமாக இருந்தது.

நான் பார்த்தேன், மேடம். பார்க்கவில்லை என்று எழுத இருந்தேன், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள் என்று சொன்னீர்கள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'இது தீபாவளிக் கணக்கு, அதற்கப்புறம் எழுதியதெல்லாம் இதில் இல்லை.' ஆனால் அதைச் சொன்னால் புது நகல் ஏன் இல்லை என்பார்கள், அப்புறம் பச்சை டிக் பற்றிக் கேட்பார்கள். தவிர காந்தன் இன்னும் பேசி முடிக்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை.

முனுசாமி அங்கிளின் வழக்கமான நர்ஸுக்கு அன்று வேறு படுக்கைகள். அவரைப் பார்க்க வந்தது மதிய வேளை நர்ஸ் ஷெர்லீன். அவளுக்கு அவரை முன்பின் தெரியாது. அங்கிளின் மனைவி மங்களம் ஆண்ட்டி கூட இருந்தால் நிச்சயம் ஞாபகப்படுத்தியிருப்பார். அவர் தண்ணீர்ப் பந்தலில் உதவ முன்னாடியே செங்குக்குப் போய்விட்டார். அங்கிளோ நான் போனில் ஏற்றிக் கொடுத்த பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

ஷெர்லீன் கெட்டிக்காரி. எத்தனை அவசரத்திலும் திரையை இரண்டு தரம் படிப்பாள். அவள்தான் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, வெயிட்டெல்லாம் பழசா இருக்கே. முந்தாநாள் நான் போட்டது ஒண்ணும் காணோம்."

"இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு மிஸ்ஸி. வெயிட்டு மட்டும்தான் லேட்டா வரும். மத்ததெல்லாம் கரெக்டா இருக்கு."

"மருந்து?"

"மருந்தெல்லாம் கரெக்டு."

அவள் தலையாட்டிவிட்டுப் போய் மருந்தைப் போட்டாள். நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு செங்குக்குப் போனேன். அன்று நல்ல வெயில், நல்ல கூட்டம். ரதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிந்தது.

முனுசாமி அங்கிள் செங்குக்கு வரவில்லை. பத்து மணிக்கே வயிற்று வலி என்றிருக்கிறார், பிறகு ரத்தமாக வாந்தி. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் சாவு வீட்டுக்குப் போனேன். மகன் ஆஸ்திரேலியாவில், விமானம் கிடைக்கவில்லை. அவர் பார்ப்பதற்காகக் காரியம் முழுவதையும் போனில் நேரடியாக ஒளிபரப்பிக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் படம் ஒரு இடத்தில்கூட நின்று நின்று வரவில்லை. மகன் பிறகு எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார், இன்னும் வைத்திருக்கிறேன்.

நிலையத்தில் விசாரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் பாக்கி வேலையை முடித்தேன். நர்ஸுகள் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட்டு வைத்த தாள்கள் அலமாரியில் இருந்தன. அதை வைத்து, தீபாவளிக்குப் பிறகு விட்டுப்போன எல்லாவற்றையும் மூன்று நாள் உட்கார்ந்து நானே தட்டினேன். டாக்டர் கடிதத்தைப் பார்த்து முனுசாமி அங்கிளின் பக்கத்தில் சிவப்பு வரியையும் போட்டேன். கணினியின் கடிகாரத்தை அந்தக் கடிதத்தில் இருந்த ஜனவரி இருபத்திரண்டாம் தேதிக்குப் பின்னோக்கித் தள்ளிவைத்து, வரியைச் சேர்த்து, மறுபடி இன்றைய தேதிக்குக் கொண்டுவந்தேன். ஐந்து நிமிட வேலை. பொய்யாக எதையும் சேர்க்கவில்லை, பாருங்கள். இருக்க வேண்டியதை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

விசாரித்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. மாசி மகத்தன்று அந்த வரி பக்கத்தில் இருந்ததா? பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்து, "ஜனவரியிலேர்ந்து இருக்கு" என்றேன். அவர்கள் ஷெர்லீனைப் பார்த்தார்கள். அவள், "இல்லண்ணா, நான் உங்ககிட்ட கேட்டேனே" என்றாள். "வெயிட்ட பத்தித்தான் கேட்டீங்க மிஸ்ஸி" என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு அந்தத் தாளைப் பார்த்தாள்.

இதோடு விட்டிருப்பேன். போன சனிக்கிழமை ஷெர்லீனின் அம்மா ஜெயமேரி ஆண்ட்டி கடைக்கு வந்தார். தொழிற்சாலை வேலை முடிந்து சீருடையோடு வந்தவர் கையில் ஒரு பழைய மடிக்கணினி.

"தம்பி, இது பாப்பாவோடது. ரொம்ப ஸ்லோவா இருக்கு. வக்கீலுக்கு லெட்டர் எழுதணும், அவ கட்டில விட்டே எந்திரிக்க மாட்டேங்குறா. சாப்பிடுறதும் இல்ல. ஜெபம் பண்ணலாம்னு கூப்பிட்டா, என் கண்ணே சரியில்லம்மா, எனக்கு எதுக்கு ஜெபம்னு கேக்குறா."

நான் காசு வேண்டாம் என்றேன். ஆண்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒரு நல்ல மனுஷன் அந்த இடத்துல இருந்திருந்தா என் பிள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காது" என்றார். நான் அங்கேதான் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மடிக்கணினியில் பாதியில் நின்ற கடிதம் ஒன்று இருந்தது. மலாயில் எழுதியிருந்தாள். 'திரையை இரண்டு தடவை படித்தேன். சிவப்பு வரி இல்லை. ஆனால் பிரின்ட் எடுத்த தாளில் இருக்கிறது. அப்படியானால் நான் பார்த்தது என்ன? இனி ஒரு நோயாளியைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது.' அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். அவளுடைய கண் சரியாகத்தான் இருந்தது. அதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். பிறகு முகம் கழுவிக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்தேன். நினைத்தபடி ஆன்டிவைரஸ்தான். அணைத்துக் கொடுத்தேன், ஆண்ட்டி திறந்து பார்த்துவிட்டு, "அட, புதுசு மாதிரி ஓடுது தம்பி" என்றார்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். மாசி மகத்தன்று காலை திரையில் சிவப்பு வரி இல்லை. ஷெர்லீன் கேட்டாள், நான் பொய் சொன்னேன். வரியைப் பிறகு போட்டது நான். அவர் சாவுக்குக் காரணம் நான். அவளுடைய லைசென்ஸைப் பறிக்க விடாதீர்கள். என்னை என்ன செய்தாலும் சரி. நான் கெட்டவன் இல்லை என்பது மட்டும் உங்களுக்குப் புரிந்தால் போதும். யாரும் காத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிரின்ட் எடுக்கப் பார்த்தேன், மை தீர்ந்துவிட்டது என்கிறது. நாளைக் காலை வாணி வந்து மாற்றி எடுத்துக்கொள்ளட்டும், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். மறுபடி எழுதச் சொல்லாதீர்கள் மேடம், ஒரு தடவைக்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது. சாட்சிக்கு அந்தத் தீபாவளி நகலையும் கொண்டுவந்தேன். சிவப்பு வரி இல்லாத பக்கம் அதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் கிடையாது, என் டிஸ்கைத் துடைத்துவிட்டேன். இதையும் அதையும் ஷெர்லீனின் மற்ற ஆவணங்கள் உள்ள ஃபோல்டரிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நகலைக் கொண்டுவந்தது என் பாட்டு பென்டிரைவில். சொருகியதும் உங்கள் கணினியில் ஆன்டிவைரஸின் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து வந்து, உள்ளே விட மாட்டேன் என்றது. உருமி மேளத்தில் ஏதோ இருக்கிறதாம். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் அதே பிடிவாதம். அணைத்துவிட்டேன். நகலை இங்கே மாற்றிவிட்டுப் பென்டிரைவில் இருந்ததை அழித்தேன். பாருங்கள், இந்தப் பத்தியைத் தட்டத் தட்ட எழுத்துகள் உடனுக்குடன் வந்து விழுகின்றன. மூலையில் ஒரு பச்சை டிக் வைத்திருக்கிறேன். நாளைக் காலை வாணி திறந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று மறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.